தொரைக் கணக்கு

எனக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஹட்டனில் இருபத்திரண்டு வருஷம் கணக்கு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கில் என்னை மடக்க இன்னொருவன் பிறந்துதான் வர வேண்டும் என்று இதே இடத்தில் எத்தனை தடவை மார் தட்டியிருக்கிறேன்!

போன சனிக்கிழமையோடு அந்தத் தட்டல் நின்றது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொரை, அதாவது தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்கார மானேஜர், கடிதம் எழுதியிருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். மூன்று வருஷத்துக்கு முன் நடத்திய மாதிரி ஒரு கணக்குப் பரீட்சை நடத்தி, புது ஆளைத் தேர்ந்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

முடியாதா என்ன? அலமாரியிலிருந்து பழைய ஃபைலை எடுத்தேன். பழைய கேள்விகளையே திருப்பிக் கேட்டுவிடலாம் என்று எண்ணம்... சோம்பேறித்தனம்தான், வேறென்ன!

அன்றைக்கு என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கண்டிப் பக்கம் கல்லூரி ஒன்றில் உயர்கணிதம் படிப்பிக்கிறவர். பிளேன் டீயைக் குடித்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். ஒரு விடைத்தாளில் அவர் கை நின்றது.

“இந்தக் கணக்குக்கு ஏன் சிவப்புக் கோடு போட்டிருக்கீங்க?”

“தப்பு. அதான்.”

“தப்பா? யாருங்க இந்தப் பொண்ணு? ரொம்பச் சரியால்ல போட்டிருக்கா!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்காதீர்கள்.

கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மூன்று. அதன் வலது தோளில் சின்னதாய் இன்னொரு மூன்று. அந்தச் சின்ன மூன்றின் தோளில் இன்னும் சின்னதாய் ஒரு மூன்று. இதன் மதிப்பு என்ன? (அவ்வளவு பொடி எழுத்து இந்த அச்சுக்கூடத்தில் கிடையாதாம். அதனால் வாயால் சொல்கிறேன்.)

என் விடை பத்தொன்பதாயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று. கீழ் மூன்றில் தொடங்க வேண்டும். மூன்றை மூன்று தடவை பெருக்கினால் இருபத்தேழு. இருபத்தேழை மூன்று தடவை பெருக்கினால் விடை வந்துவிட்டது. எங்கள் பக்கத்து மலைகளில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் கீழ்ப் பாதையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்து மேலே ஏறுவதுதானே வழக்கம்? “கணக்கும் நிரை மாதிரித்தான், கீழே இருந்து ஏறு” என்று இருபத்திரண்டு வருஷம் வகுப்பில் முழங்கியிருக்கிறேன்.

“அங்கதான் கோட்டை விட்டீங்க” என்றார் நண்பர். “உச்சியில உள்ளத மொதல்ல முடிக்கணும். அப்புறந்தான் கீழ எறங்கணும். உலகம் பூரா அதான் வழக்கம்.”

உச்சி மூன்று அதற்குக் கீழே உள்ள மூன்றின் மேல் ஏறினால் இருபத்தேழு. சரி. அந்த இருபத்தேழு அடி மூன்றின் மேல் ஏறுகிறது. இருபத்தேழு மூன்றுகளை வரிசையாய் வைத்து ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்! நண்பர் பேனாவை என் கையில் கொடுத்தார். பெருக்கினேன். பக்கம் நிறைந்தது. வந்த விடையைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏழு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தொன்பது கோடியே எழுபத்து நாலு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.

மூன்றே மூன்று மூன்றுகள், ஐயா! பத்தொன்பதாயிரம் எங்கே, ஏழு லட்சம் கோடி எங்கே?

நண்பர் அதோடு விட்டாரா? கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெருக்கல், பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அடுக்கு, அடுக்கையே திரும்பத் திரும்ப ஏற்றினால் அதற்கு ‘டெட்ரேஷன்’ என்று பெயராம். ‘டெட்ரா’ என்றால் கிரேக்கத்தில் நாலாம்; கூட்டலிலிருந்து எண்ணினால் இது நாலாவது படி. பெயர் பிறந்து பதினைந்து வருஷம்கூட ஆகியிருக்காது என்றார். இப்படிக் கோபுரம் கட்டிச் சிரமப்படாமல், பெரிய மூன்றின் இடது தோளில் ஒரு சின்ன மூன்றை உட்கார வைத்து எழுதுகிற முறையும் இருக்கிறதாம். இடது தோளில்! இந்த வயதில் எனக்கு இப்படி ஓர் அதிர்ச்சி தேவையா?

“இன்னொரு மூணு ஏத்துனா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“நொடிக்கு ஒரு இலக்கம்னு எழுதுனாக்கூட, எழுதி முடிக்க ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும்.”

தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். கையை விரித்தார். பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. மேசையில் அந்த விடைத்தாள் கிடந்தது. மேலே பெயர்: மேரி பாக்கியம். கீழே நான் இப்போது போட்ட அதே பெருக்கல், அதே ஏழு லட்சத்துச் சொச்சம் கோடி. ஓர் இலக்கம் பிசகவில்லை. அதன் குறுக்கே என் சிவப்புக் கோடு. அந்தக் கோடு ஒரு வேலையைப் பறித்த கோடு.

ஏனென்றால், அந்தப் பரீட்சைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் உறவுக்காரப் பையன். இன்னொருத்தி கொழுந்து எடுக்கிறவரின் மகள், எஸ்.எஸ்.சி. பாஸ் செய்தவள். ஐந்து கணக்கு. நாலில் இருவரும் சமம். ஐந்தாவதில் பையன் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் என்று எழுதினான். சரி போட்டேன். எழுதாமல் என்ன செய்வான்? ஹட்டனில் என்னிடம் படித்தவன் ஆயிற்றே! என் தப்பை எனக்கே திருப்பித் தந்து வேலையை வாங்கிக்கொண்டு போனான். இப்போது கொழும்புக்குப் போய்விட்ட டீச்சர் அவன்தான்.

பரீட்சை அன்று நான் விடையைச் சொன்னபோது அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “பேசாமல் உட்கார்” என்றேன். அதுவும் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். இறங்கி இரண்டு மைல் நடை. பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அவளும் நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

“வாங்க மாஸ்டர். என்னங்க இவ்வளவு தூரம்?”

எப்படித் தொடங்குவது? மூன்று வருஷத்துக்கு முன் என்று ஆரம்பித்தேன். ஐந்தாவது கணக்கு என்றேன்.

“நீ போட்டதுதாம்மா சரி. நான்தான் தப்பாத் திருத்திட்டேன்.”

அவள் அதிர்ந்து போவாள் என்று நினைத்தேன். அதிர்ந்தது நான்தான்.

“தெரியுங்க” என்றாள். “அன்னைக்கே தெரியும்.”

“உனக்கு யார் சொல்லிக் குடுத்தது... மேலே இருந்து இறங்கணும்னு?”

கூடையை இறக்கி வைத்தாள். “கான்வென்ட்டுல சிஸ்டர் ஒரே ஒரு தடவ சொன்னாங்க. ஆனா அது மறக்காதுங்க மாஸ்டர். தோட்டத்துல எல்லாம் அப்படித்தான. தொரைக்குக் காலையில ஒரு சின்னக் கோவம். கணக்கப்பிள்ளைக்கு வரையில அது நாலு ஏச்சு. கங்காணிக்கு வரையில நாப்பது. எங்க தலையில விழுகையில அத எண்ண முடியுங்களா? மேல உள்ளதப் பாக்காம கீழ எப்படிங்க கணக்குப் போடுறது? எங்க வீட்டுல நாங்க அதத் தொரைக் கணக்குன்னுதான் சொல்லுவோம்.”

கிரேக்கத்தில் பெயர் தேடியிருக்கிறார்கள். தமிழில் பெயர் அக்கரப்பத்தனையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறது!

கீழே இருந்து ஏறு, கீழே இருந்து ஏறு என்று நான் முழங்கியது எதனால் என்று தொரையைப் பார்க்க நடந்த வழியில் யோசித்தேன். நான் ஏறி வந்தவன். மேலே இருந்து எதுவும் என் தலையில் விழுந்தது கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் அந்த அறையில் உச்சி மூன்றாக உட்கார்ந்திருந்ததே நான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. என் பேனாவில் ஒரு சின்னக் கோடு. அது கீழே இறங்கி வந்தபோது மூன்று வருஷ மழையும் அட்டைக்கடியும் கூடையும் ஆயிற்று.

தொரையிடம் நேரே போய்ச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். எழுத்தில் தந்தால் போதும், பரீட்சையே வேண்டாம், அடுத்த மாதம் முதல் அவளே டீச்சர் என்றார். என் ஒரு வரி போதுமாம். அன்றும் என் ஒரு கோடு போதுமானதாகத்தானே இருந்தது?

சந்தோஷமாகப் போய் அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை.

“தொரைக்கு எழுதிக் குடுத்தா தொரைக்குத்தாங்க தெரியும். லயத்துல என்னய இன்னமும் கணக்குல தோத்த புள்ளன்னுதான் சொல்றாங்க. பேப்பர்ல போடுங்க மாஸ்டர். எங்க தோட்டத்துக்கு உங்க பேப்பர் வருது.”

“போடுறேம்மா. உங்கப்பா அம்மா எல்லாரும் பாக்கிற மாதிரிப் போடுறேன்.”

“அம்மா பாப்பாங்க” என்றாள். கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். “அப்பாதான் போன தைக்கு முந்தி தவறிட்டாரு. எம் புள்ளைக்குக் கணக்கு வரலையேன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

பஸ் ஏறி வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே அச்சுக்கோப்பவர் தயவுசெய்து ஓர் இலக்கமும் விடாமல் கோக்கட்டும். அந்த ஐந்தாவது கணக்குக்குச் சரியான விடை 7625597484987. அதைப் போட்டவர் மேரி பாக்கியம் டீச்சர். பிழையாகத் திருத்தியவன் நான்.

தோட்டத்தில் எல்லோரும் இதைப் படித்துவிடுவார்கள்... படிக்க வேண்டிய ஒருவரைத் தவிர.