சலீம் தேர்ந்தெடுத்த மவுண்ட்

போன மாதம் ஒரு மதியம் சலீம் போன் செய்தான்.

"டேய், முடிவு பண்ணிட்டேன். பெருசையே வாங்கிடலாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னதுதான் வேண்டும் என்று ஒரு வருடமாக என்னோடு மல்லுக்கட்டியவன் அவன்.

சலீமைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. கல்லூரியில் என்னோடு படித்தவன். டவுனில் ஹார்டுவேர் கடை, வீடு வேங்கிக்காலில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. மனைவி பெயர் ஆயிஷா. பகலில் பைப், பெயின்ட், ஆணி விற்பான். பொழுது சாய்ந்தால் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி வானத்தைப் படம் எடுப்பான். நானும் கூட ஒட்டிக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் உள்ள ஒரே கெட்ட பழக்கம் இது.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். பூமி சும்மா இருப்பதில்லையே... கேமராவைச் சில நிமிடம் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும். ஆகவே தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு, பூமி சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் அதே வேகத்தில் மெல்லத் திரும்ப ஒரு கருவி வேண்டும். அதுதான் மவுண்ட். லென்ஸ் சுமாராக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். மவுண்ட் சுமார் என்றால் படம் காலி.

எங்கள் பழைய மவுண்ட் சுமார்தான். நல்லதாக ஒன்று வாங்க நினைத்தபோது, கடைசியில் இரண்டு மாடல் மிஞ்சின. ஒன்று சின்னது — தோள் பையில் அடங்கும், காரில் போட்டுக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய்விடலாம். இன்னொன்று பெரியது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சிமென்ட் தூண் எழுப்பி அதன்மேல் நிரந்தரமாக உட்கார்த்த வேண்டும். துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். ஆனால் வைத்த இடத்தை விட்டு நகராது.

"டவுன் வெளிச்சத்துல தூண் கட்டி என்னடா பண்றது? இருட்டு எங்க இருக்குதோ அங்க நாம போவணும்" — இது சலீமின் கட்சி. நான்தான் பெரியதன் ஆள்.

இப்போது அவனே கட்சி மாறிவிட்டான். வயது ஆக ஆக நமக்கும் பிடிவாதம் தளரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன்.

மொட்டை மாடியில் பழைய மவுண்டை வெளியே எடுத்து வைத்திருந்தான். தொலைநோக்கிக்குச் சமமாக மறுபக்கம் தொங்கும் எடைக்கல்லை நிறுத்தும் திருகைக் காட்டி, "நீ முடுக்கு" என்றான். வழக்கமாக என்னை அதன் பக்கம் விடமாட்டான்.

"ஏன், துரைக்கு என்ன?"

"முடுக்க முடியல."

வலது கையை விரித்துக் காட்டினான். கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதை வற்றி, பள்ளமாக இருந்தது.

"கடை ஷட்டர் தூக்க முடியாம போச்சு. வேலூர் போய்ப் பாத்தேன். அப்புறம் சென்னையில ஒருத்தர்கிட்ட காமிச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க. நரம்பு கோளாறு. சதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கம்மி ஆயிட்டே வருமாம். கை, அப்புறம் கால். மருந்து பேருக்குத்தான்."

நான் குனிந்து திருகை முடுக்கினேன்.

"மூளைக்கு ஒண்ணும் ஆவாதாம். கண்ணுகூடக் கடைசி வரைக்கும் நல்லா இருக்குமாம். அதான் யோசிச்சேன். மலையேத்தத்துக்கு மவுண்ட் வாங்கி என்ன பண்றது? பெருசுன்னா ஒரே தடவை துருவ நட்சத்திரத்துக்கு நேரா உட்கார வெச்சிட்டா போதும். யாரும் தொட வேணாம். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர்லயே முடிச்சிடலாம். வெளிச்சத்துக்கு ஃபில்டர் போட்டுக்கலாம்."

"ஆயிஷாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சரக்கு எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வேலூர் போனேன். நீயும் வாயத் தொறக்காதே."

இப்படி ஒரு செய்தியைக் கேட்டபின் மனிதர்கள் என்ன பேசுவார்கள்? கட்டிப்பிடித்து அழுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாங்கள் இருட்டும்வரை பேரிங் பற்றிப் பேசினோம். எவ்வளவு எடை தாங்கும், பெல்ட் டிரைவா கியரா, மழைக்கு என்ன மூடி போடுவது... வேறு எதையாவது பேசினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பெங்களூரில் இதை விற்பவருக்கு அங்கிருந்தே போன் போட்டான். ஸ்பீக்கரில் அந்த மனிதர் உற்சாகமாகப் பேசினார்.

"இது லைஃப்டைம் ஐட்டம் சார். ஒரு தடவை வாங்கிட்டா உங்க ஆயுசுக்கும் உழைக்கும்."

"அவ்ளோ போதுங்க" என்றான் சலீம்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் தூண் போட மேஸ்திரி வந்தார். மாடியில் ஒற்றை அறை உண்டு. கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டி இடம் குறித்தோம். எவ்வளவு உயரம் என்று கேட்டார். நெஞ்சளவு என்றேன். அதுதான் வழக்கம்.

"வேணாம் மேஸ்திரி, இடுப்பளவு போதும்" என்றான் சலீம்.

"அவ்ளோ தாழ வெச்சா வடக்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் மறைக்கும்டா. நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் ஏற்கெனவே தரைய ஒட்டித்தான் தெரியுது" என்றேன்.

அவன் மறுபடியும் இடுப்பைத்தான் தொட்டுக் காட்டினான். உட்கார்ந்த உயரத்துக்குக் கேட்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஸ்திரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டீ கொண்டுவந்த ஆயிஷா தட்டைக் கீழே வைத்தாள்.

"வடக்குச் சுவரை இடிச்சிட்டுக் கம்பி வெச்சிடுங்க மேஸ்திரி. இந்த ரூம் வாசப்படியையும் எடுத்துட்டு சரிவா பூசிடுங்க. சேர் தள்ளிட்டு வர மாதிரி இருக்கணும். இனிமே நாங்க மாடியிலதான் படுக்கப் போறோம்."

சலீம் அவளையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லல" என்றாள் ஆயிஷா. "இத்தினி நாளா உங்க சட்டை பட்டனை யாருங்க போட்டு விடுறது? ஷட்டர்ல விரல் நசுங்கிச்சுன்னு சொன்னீங்க. ஒரு காயம்கூட இல்ல. வேலூர் சீட்டையும் உங்க சட்டைப் பையிலயே பாத்துட்டேன். நீங்களா சொல்லட்டும்னுதான் கேக்கல."

சலீம் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். அவன் அழுது அன்றுதான் பார்த்தேன். ஆயிஷா பக்கத்தில் உட்கார்ந்து, டீ கிளாஸை அவன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி திரும்பிக்கொண்டு சுவரை அளக்க ஆரம்பித்தார்.

தூண் எழும்பிவிட்டது. இடுப்பளவுதான். மவுண்ட் இன்னும் வந்து சேரவில்லை. வானமும் ஒரே மேகம். வந்து, மாட்டி, முதல் படம் எடுக்கும்போது அவன் விரல் மவுஸை அழுத்துமா? டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை.

பெரிய மவுண்டா, சின்ன மவுண்டா என்று யோசிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், எடையையும் துல்லியத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள்... பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.