மழைக்காட்டுக்குப் போன தண்ணீர் கேன்

பென்னலூரில் ராஜம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் மாரிராஜ் குழாய்த் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்க மாட்டான். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே வந்த புதிதில் மோட்டார் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு வாரம் சுருண்டு படுத்தவன், அன்றிலிருந்து கேன் தண்ணீருக்கு மாறினான். குடிக்கவும் கேன், உலை வைக்கவும் கேன். தெருவே அப்படித்தான். தெருக்கோடியில் ஏரி இருக்கிறது. அதைப் பார்த்தபடி நின்றுதான் எல்லோரும் கேன் வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் அவன் ஏழு வருஷமாக கான்ட்ராக்ட். ஒரு லைனையே அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆனால் கழுத்தில் தொங்குவது கான்ட்ராக்ட்காரர்களுக்கான மஞ்சள் பட்டை. பெர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலப் பட்டை. கேன்டீனில் நீலப் பட்டை கடந்துபோனால் மாரிராஜின் கண்ணும் கூடவே போய்விட்டு, குழம்பு ஆறிய பிறகுதான் திரும்பி வரும்.

அந்த வருஷம் தொழிற்சாலைக்குத் திடீரென்று இரக்கம் சுரந்தது. போர்னியோ தீவில், மழைக்காட்டு ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு குக்கிராமத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் தருவதென்று மேலிடம் முடிவுசெய்தது. யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று எச்.ஆர். மேனேஜர் பிரசன்னா விசாரித்தார். எப்போதோ துபாய் போகலாமென்று எடுத்துவைத்தது மாரிராஜிடம் இருந்தது. தகுதி முடிவாகிவிட்டது.

"மெஷினைப் பொருத்துங்க. ஊர்க்காரங்க அதுல தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. ஆண்டு விழாவுக்கு முன்னாடி போட்டோ வந்துட்டா நீங்க பெர்மனென்ட்."

"வராட்டி சார்?"

"பாசிட்டிவா இருங்க மாரிராஜ்."

விமானம், பிறகு துறைமுக ஊர், பிறகு பெரிய படகு. சாலை முடிகிற ஊரின் கடைசிக் கடையில் ஒரு பெரிய தண்ணீர் கேனை வாங்கினான் மாரிராஜ். அங்கிருந்து நீளமான ஒல்லிப் படகுதான். படகோட்டி லாவிங் மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் தமிழர்களோடு பல வருஷம் வேலை செய்தவர். தமிழைக் கையில் அகப்பட்ட வரைக்கும் பிடித்து வைத்திருந்தார்.

"படகு எத்தன மணிக்கு அண்ணாச்சி?" ஷிப்ட் பஸ்ஸைக் கேட்பதுபோலக் கேட்டான் மாரிராஜ்.

லாவிங் ஆற்று நடுவில் நின்ற கறுப்புப் பாறையைக் காட்டினார். "அந்தக் கல்லு முழுகும். அப்ப போலாம்."

"எப்ப முழுகும்?"

"மழை வந்தா."

"மழை எப்ப வரும்?"

"தம்பி மழைக்கு மேஸ்திரியா?"

மழை வந்தது, கல் முழுகியது, மெஷினை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. வழியில் ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாய்ந்த இடத்தில் எல்லோரும் இறங்கிக் கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். மாரிராஜ் இறங்கினான். இழுக்கவில்லை. கேனைக் கைப்பிள்ளைபோல இடுப்பில் ஏந்திக்கொண்டு கரையோரம் நடந்தான்.

"மெஷின் ஆத்துல போனா போவுது, கேன் பத்திரம்" என்றார் லாவிங். படகில் வந்த பெண்கள் சிரித்தார்கள்.

அந்த ஊர் முழுக்க ஒரே வீடு. உயரமான மரக்கால்கள்மேல் ஒரே கூரை, நீண்ட தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு குடும்பம். கூரை விளிம்பிலிருந்து மூங்கில் வழியாக மழைநீர் பெரிய ஜாடிகளில் விழுந்துகொண்டே இருந்தது. ஊர்த்தலைவி புலான் ஒரு கையில் மரம் அறுக்கும் மெஷினோடு வந்து, இந்த மெஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"இது எதுக்குன்னு கேக்குது" என்றார் லாவிங்.

"ஆத்துத் தண்ணியச் சுத்தம் பண்ண."

புலான் வானத்தைப் பார்த்தார். பிறகு ஜாடிகளைப் பார்த்தார். "உங்க ஊர்ல மழை இல்லையான்னு கேக்குது."

"மழை உண்டு. ஏரியும் உண்டு. ஆனா தண்ணிய நாங்க கேன்ல விலைக்கு வாங்குவோம்."

லாவிங் அதை மொழிபெயர்த்ததும் எல்லோரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். அன்றைக்கு அவன் இலையில் மட்டும் மீன் கூடுதலாக விழுந்தது.

மெஷின் ஓடியது. திறப்பு நாளன்று ஊரே கூடியது. அந்த ஊரில் ஒரு வழக்கம்: குடிக்கவோ தின்னவோ புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் கொண்டுவந்தவரே முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். லாவிங் இதை முந்தைய நாளே சொல்லிவைத்திருந்தார். மாரிராஜும் தலையாட்டியிருந்தான். ஆனால் புழுக்கம், பதற்றம், இத்தனை கண்கள். ஏழு வருஷப் பழக்கத்தில் கை தானாகக் காலடியில் இருந்த கேனுக்குப் போனது. மூடியைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, மடமடவென்று குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

தாழ்வாரம் அதிரச் சிரித்தது.

"நீ கொண்டாந்த மெஷின், நீயே குடிக்கல. அவங்க எப்படிக் குடிக்கும்?" என்றார் லாவிங்.

"அய்யய்யோ, பழக்கதோசம் அண்ணாச்சி!" மெஷின் தண்ணீரை அவசர அவசரமாகப் பிடித்து டம்ளர் டம்ளராகக் குடித்தான். பிரயோசனமில்லை. முதல் வாய் முடிந்துவிட்டது. வந்தவர்கள் ஆளுக்கொரு வணக்கம் வைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

அதன் பிறகு மெஷினுக்கு அடியில் கோழிகள் குடியேறின. மேலே துணி காய்ந்தது. ஊரில் சிக்னல் கிடையாது. மலையேறினால் கிடைக்கும், கூடவே பிரசன்னாவின் செய்தியும் கிடைக்கும்: "போட்டோ எங்கே?" ஒருநாள் சாப்பிடக்கூடப் பிடிக்காமல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் புலான் விசாரித்தார்.

"ஏழு வருசமா நான் ஒரு வேலை பாக்கேன். ஆனா அது என் வேலை இல்ல" என்று விளக்கினான் மாரிராஜ். "போட்டோ போயிட்டா அதே வேலை என் வேலையாயிரும்."

லாவிங் இதைச் சொல்ல மூன்று தடவை முயன்றார். புலானுக்குப் புரிந்தபாடில்லை. "ஏழு வருசம் பாத்தாங்க, இன்னும் உன்னத் தெரியலையா? நீ தண்ணி குடிச்சாத்தான் தெரியுமா?"

"நான் இல்ல. நீங்க குடிச்சாத்தான் தெரியும்."

புலான் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவு கதவாகத் தட்டினார்.

மறுநாள் காலை ஊரே பாசிமணி அணிந்து மெஷின் முன்னால் நின்றது. கோழிகளை விரட்டினார்கள், துணியை எடுத்தார்கள். கம்பெனி பெயர் போட்ட டம்ளர்களில் ஜாடி மழைநீரை ஊற்றினார்கள். முதல் டம்ளரைப் புலான் அவனிடம் நீட்டினார். அவன் கொண்டுவந்த தண்ணீர் அல்ல அது. ஆனால் அவனுக்காகத்தானே எல்லாம். மாரிராஜ் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். திறந்தபோது வயிறு சும்மா இருந்தது. பிறகு எல்லோரும் குடித்தார்கள், சிரித்தார்கள். படம் அருமையாக வந்தது.

ஆண்டு விழாவில் அந்தப் படம் சுவர் அளவுக்கு நின்றது. பிரசன்னா ஒரு கையில் மைக்கோடும் மறு கையில் உத்தரவுக் கவரோடும் மேடைக்குக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க மாரிராஜ், நம்ம மெஷின் தண்ணி எப்படி இருந்துச்சு?"

மாரிராஜ் கவரைப் பார்த்தான். "சார், படத்துல இருக்குற தண்ணி மாதிரி நான் ஆயுசுக்கும் குடிச்சதில்ல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திங்கட்கிழமை அதே லைன், அதே இடம், அதே வேலை. பட்டை மட்டும் நீலம்.

"எங்க தெருவுக்கும் ஒண்ணு வெக்கச் சொல்லேன்பா. இன்னா, அந்தக் காட்டுக்காரங்களுக்குத்தான் தொண்டை கீதா?" என்றாள் ராஜம்மா. அவனும் பிரசன்னாவிடம் கேட்டான்.

"பென்னலூரா? பின்னாடி மரமே இல்லையே. போட்டோ எடுபடாது."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாளில் மாரிராஜ் மொட்டைமாடியில் ஒரு தவலையை வைத்தான். நிறைந்ததும் டம்ளரில் மொண்டு கீழே கொண்டுவந்து, ராஜம்மா எதிரிலேயே முதல் வாய் குடித்தான். பிறகு அவளிடம் நீட்டினான்.

"பெர்மனென்ட் ஆயிட்டு கேன் வாங்கத் துட்டு இல்லியா?" டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். பத்திரமாக ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"குடிங்கக்கா."

"இருப்பா. நாளைக்கு நீ ஷிப்டுக்குப் போறியான்னு பாத்துட்டு குடிக்கிறேன்."