நெஞ்சு கொடுத்த கன்னம்

“பொயிலை போடாத பொம்பளைக்கு வாயில புத்து வருமா?” என்று மாவு மில் வாசலில் தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறாள் பேச்சியம்மாள். வரும், தாயே. டெய்சிக்கு வந்தது. மேட்டுப்பட்டியில் அவளோடு ஒரே தெருவில் இத்தனை வருடம் குடியிருந்தவர்கள் யாராவது அவள் பொயிலையைத் தொட்டுப் பார்த்ததுண்டா? வெற்றிலைகூடப் போடமாட்டாள். பல் கறைபட்டால் பார்லருக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பாள். இடது கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, ஊசிமுனையாக நின்று, கன்னத்தின் உட்புறத்தை வருடக்கணக்கில் குத்திக்கொண்டிருந்தது. கல்யாண சீசன் முடியட்டும், பிடுங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். திண்டுக்கல்லில் கல்யாண சீசன் எந்த வருடம் முடிந்திருக்கிறது?

“மாரையும் சேத்து அறுத்துட்டாகளாமே. அங்கயும் அதே சீக்குத்தானாம்.”

இது அடுத்த பொய். டெய்சியின் நெஞ்சில் எந்தச் சீக்கும் இல்லை. அங்கே இருந்தது நல்ல சதை, அதனால்தான் எடுத்தார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்தில் கெட்டுப்போனதை வெட்டியெடுத்த பிறகு, உள்ளுக்கும் வெளிக்குமாக ஒரு ஓட்டை மிஞ்சியது. இடது மார்புக்கு அடியில் விசிறி மாதிரி விரிந்து கிடக்கும் தசையை, மேலே கொஞ்சம் தோலோடு பெயர்த்து, கழுத்துத் தோலுக்கு அடியில் பாதை செய்து, காறை எலும்பின் மேலாக மடக்கிக் கொண்டுபோய் அந்த ஓட்டையில் வைத்துத் தைத்தார்கள். தசைக்குப் போகும் ரத்தக் குழாயை அறுக்கவில்லை. டெய்சி இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். “சட்டை கிழிஞ்சா அதே சட்டையில உள்பக்கம் வெட்டி ஒட்டுப் போடுறதில்லையா? அம்புட்டுதேன்.”

வாங்கிக்கொண்ட இடத்தைப் பற்றித்தான் தெருவே பேசுகிறது. கொடுத்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒருத்தியாவது கேட்டாளா? இடது மார்பு மேலே இழுபட்டு உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அக்குளுக்கு முன்னால் இருக்க வேண்டிய மேடு பள்ளமாகிவிட்டது. காறை எலும்பின் மேல் சதை மடங்கிய இடம், தோலுக்குள் எலுமிச்சம்பழம் வைத்தது போலப் புடைத்து நிற்கிறது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தரையிலிருந்து எழுந்தால் வலக்கையை மட்டும் ஊன்றி எழ வேண்டும். ரவிக்கையை அவளே வெட்டித் தைக்கிறாள். இடதுபக்கம் பஞ்சு வைத்த சின்ன மெத்தை, தோளில் அகலமான பட்டி, கொக்கியெல்லாம் முன்னால். “எனக்கு அளவெடுக்குற டெய்லரு இனிமேத்தான் பொறக்கணும்” என்பாள்.

தசைக்குத் தான் ஊர் மாறிவிட்டது தெரியவில்லை. இன்னமும் கைக்கு வேலை செய்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. டெய்சி இடக்கையால் எதையாவது அமுக்கித் தள்ளினால் கழுத்தில் ஒரு துள்ளல். தெருப் பிள்ளைகள் அதற்குத் தவக்களை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். “டெய்சிக்கா, தவக்களையக் காட்டுங்க” என்று வந்து நிற்பார்கள். அவள் உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளுவாள். தவக்களை துள்ளும். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடும். “ஏலே, டிக்கெட் எடுக்காம ஓடுறீகளா?” என்று பின்னாலேயே விரட்டுவாள். கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் நெஞ்சைத் தட்டிவிடுவாள், அந்தத் தோலுக்குப் பழைய விலாசம்தான் இன்னும் ஞாபகம். பார்க்கிறவர்கள் சர்ச்சுப் பூசையில் நெஞ்சில் தட்டிப் பாவமன்னிப்புக் கேட்கும் பழக்கம் வீட்டிலும் தொடர்கிறது என்று நினைப்பார்கள். “பாவம் ஒண்ணும் பண்ணல, ஈ உக்காந்துச்சு” என்பாள்.

கன்னத்தில் அந்தத் துண்டு மட்டும் வெயில் காணாத நெஞ்சின் நிறத்தில் வெளுத்துக் கிடக்கிறது. அதை மறைக்க அவளுக்குத் தெரியாதா? மணப்பெண்களின் அம்மைத் தழும்பையும் கரும்படையையும் இருபது விரற்கடை தூரத்தில்கூடத் தெரியாமல் மறைத்தவள். தன் கன்னத்துக்கு மட்டும் ஒரு பூச்சும் பூசுவதில்லை. “பவுண்டேசன் எல்லாம் கஸ்டமருக்கு. இது நெஞ்சு. நெஞ்சுக்கு எதுக்கு மேக்கப்பு?”

தொழிலில் அவளை முதலில் மடக்கியது புருவ நூல். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கத்தரி போல ஓட்ட வேண்டும். இடது தாடையில் கடிக்கப் பல் இல்லை, வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறப்பதும் இல்லை, வலப்பக்கம் கடித்தால் எச்சில் வடிந்து நூல் வழுக்குகிறது. சில பேர் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கரண்டு வைத்து, அதாவது கதிர் சிகிச்சையில், வெந்த கழுத்து அதைத் தாங்காது. டெய்சி நூலை ஜன்னல் கம்பியில் கட்டினாள். இப்போது புருவம் திருத்த வருகிறவர்கள் ஜன்னலோரம் தலையை வைத்துப் படுக்க வேண்டும், தெருவில் போகிற பால்காரர்வரை எல்லோரும் பார்ப்பார்கள். “பாத்தா பாத்துட்டுப் போறாக. புருவம் ஊருக்குத் தெரியத்தானே எடுக்குற?”

கை விஷயம் அப்படி லேசில் முடியவில்லை. கணவன் ஆண்டனிராஜ் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவனுடைய அக்கா சலேத்மேரிதான் வந்து இருந்து பார்த்துக்கொண்டாள். மூக்கில் போட்டிருந்த குழாய் வழியே கஞ்சியை வடிகட்டி ஊற்றியதும் அவள்தான், புண்ணைத் துடைத்ததும் அவள்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், “கன்னத்தில் வைத்த சதைக்கு வேர் இன்னும் நெஞ்சில்தான் இருக்கு. ரத்தம் அங்கிருந்துதான் போகுது. கொஞ்ச நாள் ஜாக்கிரதை.” சலேத்மேரி ரோஜாவுக்கு ஒட்டுக்கட்டிப் பழகியவள். வேர் என்ற சொல் அவள் மனதில் பதிந்துவிட்டது, கொஞ்ச நாள் என்பது பதியவில்லை. பழைய நூல் சேலையைக் கிழித்து டெய்சியின் இடக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும், “கையத் தூக்குனா வேரு அந்துபோகும்த்தா. அவளுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவா” என்றாள். கரண்டு வைத்து முடிக்கும்வரை கட்டு அவிழவில்லை. அவிழ்த்தபோது கை விலாவை விட்டு ஒரு சாண் விலகியது. அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் சத்தம் போட்டார். சலேத்மேரி அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டெய்சி அவளை ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் காலை கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். இடக்கை விரல்களைச் சுவரில் வைத்து, சிலந்தி ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே நடத்தினாள். முகம் வேர்த்தது. சலேத்மேரி ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

“ஏ மாதாவே, இவ வேரப் புடுங்கிக்கிட்டுத்தேன் நிக்கப் போறா!”

“வேரப் புடுங்குனா கெழங்காச்சும் கெடைக்குதா பாப்போம், விடுங்க மதினி.”

தினமும் ஏறினாள். கை அவளுடைய நெற்றி உயரம்வரை வந்தது. அதற்கு மேல் இன்றுவரை வரவில்லை. வராது என்று தெரிந்ததும், பார்லரில் இருந்த சுழல் நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு குட்டை முக்காலியை வாங்கி வைத்தாள். “யாரா இருந்தாலும் எனக்கு முன்னாடி கீழதேன் உக்காரணும்” என்று அதற்கு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அகரத்திலிருந்து மாலதி வந்தாள். மாலதிக்குக் கல்யாண அலங்காரம் செய்தது டெய்சி. மகள் ஹரிணிக்குச் சடங்கு அலங்காரம் செய்ததும் டெய்சிதான். இப்போது ஹரிணிக்குக் கல்யாணம். தாம்பூலத் தட்டோடு வந்த மாலதி, டெய்சியின் முகத்தைப் பார்த்தபின் தட்டை நீட்டவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“ஹரிணி நீங்கதேன் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக்கா.”

“நீ எத்தன காலுல நிக்கிற?”

மாலதி ஜன்னலைப் பார்த்தாள். “மாப்ள வீட்டுக்காரவுக வத்தலக்குண்டு. ஒரு மாதிரி பேசுறவுக. அதனால பொண்ணு ரூம்புலயே அலங்காரத்த முடிச்சுக் குடுத்திருங்க. ஒரு மாஸ்க்கு மட்டும் போட்டுக்கங்க. மேடைக்கு மதுரையிலருந்து ஒரு புள்ள வருது.”

மேடை என்றால் டெய்சிக்கு வெறும் மேடை இல்லை. தாலி கட்டும்போது, முழங்கால்வரை தொங்கும் பூ ஜடையை முடிச்சுக்கு வழிவிட்டுத் தூக்கிப் பிடிப்பது அவள் வைத்திருந்த வழக்கம். தான் அலங்கரித்த எந்தப் பெண்ணின் ஜடையையும் அந்த நேரத்தில் இன்னொரு கையில் கொடுத்ததில்லை. அறைக்குள் ஒளித்து வைத்துவிட்டால் அதற்கப்புறம் அவள் என்றைக்கும் அறைக்குள்தான். அது அவளுக்கும் தெரியும், மாலதிக்கும் தெரியும்.

“செத்த நேரம் இப்பிடி உக்காரு” என்று முக்காலியைக் காட்டினாள். மாலதியின் கொண்டையை அவிழ்த்து, வாரி, பின்னினாள். பின்னலை இடக்கையில் வாங்கி, பிடரியை விட்டுத் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியில் மாலதி பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தவக்களை விடாமல் துள்ளியது. கை இறங்கவில்லை. கடைவாயில் வடிந்த எச்சிலை வலக்கை கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

“போதும்க்கா, கை வலிக்கும். எறக்குங்க.”

“மூணு முடிச்சும் விழுகட்டும்.”

பிறகுதான் இறக்கினாள். முன்னால் வந்து நின்று சொன்னாள். “வந்தா மேடைக்கு வருவேன். மொகத்த மூட மாட்டேன். இந்தக் கன்னத்த நான் எவ வீட்டுலயும் களவாங்கல. என் நெஞ்சக் கீறி எடுத்து வச்சது. ஒத்துவரலைன்னா தட்டத் தூக்கிட்டுப் போ, அந்த மதுரப் புள்ளையே எல்லாத்தையும் பாக்கட்டும். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்.” கொஞ்சம் யோசித்தாள். “வச்சுக்குவேன். ஆனா சாபம் விடமாட்டேன்.”

மாலதி தட்டோடு திரும்பிப் போனாள். அன்று சாயங்காலமே மாவு மில்லில், “தட்டு திரும்பிப் போயிருச்சாம்ல” என்று அரைபட்டது. டெய்சி ஜன்னலில் நூலைக் கட்டிக்கொண்டு யார் புருவத்தையோ எடுத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல இருந்தாள். ஆனால் சலேத்மேரி வைத்த ரசச்சோற்றை அன்று தொடவில்லை.

போன் வந்தது ஹரிணியிடமிருந்து.

“அக்கா, வரவேற்பன்னிக்கு மத்தியானம் காரு வரும். ஏறி வந்துருங்க.”

“எங்க, ரூம்புக்கா?”

“மேடைக்குத்தேன். அம்மாகிட்ட சண்ட போட்டு முடிச்சாச்சு. எனக்கு ஜடை நல்லா கனமா வேணும். தூக்கிருவீகள்ல?”

“வாயப் பாரு. நீ மொதல்ல அந்த ஜடையோட நேரா நில்லு, பெறகு பேசு.”

கார் வந்த மத்தியானம் தெரு முழுக்க வாசலில் நின்றது. டெய்சி கத்தரிப்பூ நிறத்தில் சின்னாளபட்டிச் சேலை கட்டியிருந்தாள். உதட்டுக்குச் சிவப்புச் சாயம். இடது ஓரத்தில் உதடு வளைந்து போகும் இடத்திலும் கோட்டை விடாமல் இழுத்திருந்தாள். சலேத்மேரி ஒரு பெரிய சால்வையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

“காத்துப் படும்த்தா, கழுத்தோட சுத்திக்க. கன்னமும் மறைஞ்சாப்புல இருக்கும்.”

“காத்துப் படட்டும் மதினி. நெஞ்சுக்குள்ளயே கெடந்த தோலு, பாவம், இப்பத்தேன் ஊரப் பாக்குது.”

சலேத்மேரி சால்வையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு மேக்கப் பெட்டியைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்தாள். “ஜடையப் பாத்துத் தூக்கு” என்று மட்டும் சொன்னாள்.

டிரைவர் பின்கதவைத் திறந்து பிடித்தான். டெய்சி அதைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்து அவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் இடது கன்னம்தான் தெருவைப் பார்க்கும். பெல்ட்டைப் போடச் சொன்னான். இடக்கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எட்டிப் பிடித்து இழுத்தாள், மாட்டினாள். நெஞ்சில் தழும்பின் மேல் பட்டை அழுந்தியது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டாள்.

மாவு மில் பக்கம் வண்டி திரும்பியபோது வாசலில் கூட்டம். டிரைவர் பார்த்துவிட்டு, நல்ல எண்ணத்தில்தான் கேட்டான்.

“ஏசி போட்டிருக்கேன்க்கா. கண்ணாடிய ஏத்தட்டுமா?”

டெய்சி இடக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மெல்ல மெல்ல மேலே உயர்த்தி, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.