சங்குப்பூக் கொடிக்கு ஒரு போர்டு

தரமணியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார மாமா, மாமி. அவர்கள் காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடியில்தான் என் ஆராய்ச்சி பாதி நடந்தது. மாலையில் மொட்டைப் பிரித்து அதன் மகரந்தப் பைகளை எடுத்துவிடுவேன். காலை ஆறு மணிக்கு வேறொரு பூவின் மகரந்தத்தைத் தடவி, பேப்பர் உறை கட்டி, நேரத்தையும் எழுதி வைப்பேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பறித்து, உள்ளே செல்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

ஒருநாள் உறை கட்டிவிட்டுக் குளித்து வருவதற்குள் எட்டுப் பூக்களும் பிள்ளையார் தலையில் இருந்தன.

"மாமா, அது ஆராய்ச்சிப் பூ!"

"பேப்பர் சுத்தி வெச்சிருந்தியேம்மா. சுவாமிக்குன்னு நினைச்சுண்டேன்."

லேப்டாப்பைத் திறந்து, முன்பு மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களைக் காட்டினேன். பூவுக்குள் அண்டம் என்கிற முட்டைச் செல்லுக்குப் பக்கத்தில் இரண்டு துணைச் செல்கள். மகரந்தக் குழாய் நீண்டு வந்து அதில் ஒன்றுக்குள் நுழைந்து வெடிக்கும். அந்தத் துணைச் செல் சுருங்கிச் செத்துப்போகும். குழாயில் வந்த இரண்டு ஆண் செல்களில் ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கருவாகும். மற்றது நடுவில் உள்ள பெரிய செல்லோடு சேர்ந்து கருவுக்குச் சாப்பாடு தயார் செய்யும்.

"ஒருத்தர் மாப்பிள்ளை, இன்னொருத்தர் சமையல் காண்டிராக்டர்" என்றார் மாமா.

"வாசல்ல நின்னு வரவேற்கறவதான் பாவம், போய்ச் சேர்ந்துடறா" என்றார் மாமி.

என் பேராசிரியர் முன்னால் அரைமணி நேரம் நான் விளக்கத் திணறிய விஷயம் அது.

அன்றிலிருந்து மாமா காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். வாக்கிங் வருகிறவர்கள் பிளாஸ்டிக் பையோடு சுவர் பக்கம் வந்தாலே இருமுவார். இருமல் போதவில்லை போல. மறுவாரம் கேட்டில் ஒரு அட்டை தொங்கியது: 'கருத்தரிக்கும் சமயம். தயவுசெய்து கை வைக்காதீர்கள்.'

கீரைக்கார அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். மாமிக்கு வயது அறுபத்து மூன்று. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாசலில் நின்றிருந்த எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா மாமி, போர்டெல்லாம் மாட்டிக்கீறீங்க? வூட்ல யாரு மாசமா கீறாங்க?"

மாமி முகம் சிவந்து சுவரைக் காட்டினார். "அதோ, அந்தக் கொடி!"

கீரைக்கார அம்மா கொடியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "வெயிலு ஜாஸ்தி. நிறைய மோர் குடிங்கம்மா" என்று சொல்லி, ஒரு கட்டு கீரையைச் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரப் பூக்களில்தான் எனக்குத் தெளிவான ஸ்லைடு கிடைத்தது. கறுத்துச் சுருங்கிய துணைச் செல். பக்கத்தில், அண்டத்தின் உட்கருவை ஒட்டிக்கொண்டு ஆண் உட்கரு. நான் போட்ட கூச்சலில், கரப்பான் பூச்சி என்று நினைத்து பக்கத்து லேபிலிருந்து இரண்டு பேர் துடைப்பத்தோடு ஓடி வந்தார்கள்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் மாமாவையும் மாமியையும் சேர்த்தேன். 'களப்பணி உதவி' என்று போடச் சொல்லி மாமா திருத்தினார். மாமி தன் பெயரை அடித்துவிடச் சொன்னார்.

"எதுக்கு உதவினேன்னு யாராவது கேட்டா, நான் என்னன்னு சொல்றது?"