அத்தானின் லூப், அக்காவின் இன்சர்ட்

எங்கள் அத்தான் துணி காயப்போடுவதை ஒருமுறை பார்த்தால் போதும், அவர் எழுதும் புரோகிராமைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. வாளியைக் கீழேயே வைத்துவிட்டு ஒரு சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவார். உதறி, காலரை நேராக்கி, கிளிப் மாட்டி, கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு இறங்கி வருவார். அப்புறம்தான் அடுத்த சட்டை.

"வாளியையே மேல தூக்கிட்டுப் போனா என்ன அத்தான்?" என்று கேட்டால், "அவசரப்பட்டா எல்லாம் கெட்டுடும் மாப்ள. ஒண்ணொண்ணா செஞ்சா ஒண்ணும் தப்பாது" என்பார். கடைக்குப் போவதும் அப்படித்தான். சர்க்கரையை வாங்கி வந்து வைத்துவிட்டு, டீத்தூளுக்காக மறுபடி செருப்பை மாட்டுவார். ஆபீசில் அவருக்கு 'ஒண்ணொண்ணு' என்று பெயர் வைத்தவர் கேன்டீன்காரர். தட்டு கையிலேயே இருந்தும் அத்தான் டீயை ஒவ்வொரு கிளாஸாகத்தான் கொண்டு போவாராம்.

நானும் அதே ஆபீஸ்தான். மற்றவர்கள் எழுதும் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வேன்களை ஏற்பாடு செய்யும் இடம் எங்களுடையது. பெரும்பாலும் சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர்கள். ஒரு நடை தவறினால் அவர்களுக்குக் கால் வீங்கிவிடும், மூச்சு வாங்கும். அதனால் மறுநாள் யாரை எந்த வேன் எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் முந்தின நாள் சாயங்காலமே டிரைவர்களின் போனுக்குப் போயாக வேண்டும். அந்தப் பட்டியலைப் போடும் புரோகிராமைப் பல வருஷங்களுக்கு முன்னால் எழுதியவர் அத்தான்.

அதை எப்படி எழுதியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. லூப். முதல் நோயாளியை எடு, அவர் வீடு எங்கே பார், பக்கத்தில் எந்த வேன் காலியாக இருக்கிறது பார், கம்ப்யூட்டரில் பயணங்களைக் குறித்து வைக்கும் டேபிளில் ஒரு வரி சேர், அடுத்த ஆளுக்குப் போ. இப்படிக் கடைசி நோயாளி வரைக்கும். ஒவ்வொரு வரி சேரும்போதும் திரையில் ஓர் எண் கூடும். அடுப்பில் பாலை வைத்தவர் மாதிரி அத்தான் அந்த எண்ணை விட்டு நகர மாட்டார். அது ஓடி முடிகிறவரைக்கும் ஆபீசில் அவர் வைத்ததுதான் சட்டம். "ஒண்ணொண்ணு, முடிஞ்சுதா?" என்று மேலாளரே அறை வாசலில் வந்து நின்று கேட்பார். "ஓடிட்டிருக்கு சார்" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வார் அத்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் அன்றைக்கு முழுக்க வேலை பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

புதிதாகச் சில ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. பட்டியல் நீண்டது. டிரைவர்கள் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் லூப் ஓடிக்கொண்டிருந்தது. வேகமாக்க முடியுமா என்று மேலாளர் கேட்டதற்கு, "வேகம் வேணும்னா புது மெஷின் வாங்குங்க சார். புரோகிராம்ல கை வைக்க ஒண்ணுமில்ல" என்று அத்தான் அடித்துச் சொல்லிவிட்டார்.

மேலாளர் அந்த வேலையை என் அக்காவிடம் கொடுத்தார். அதாவது அத்தானின் மனைவியிடம்.

இதில் அத்தான் யாரையும் குறை சொல்ல வழியில்லை. அக்காவை அந்த ஆபீசில் சேர்த்துவிட்டதே அவர்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணம், இரண்டு பெண்கள் என்று அக்கா வீட்டோடு இருந்துவிட்டாள். சின்னவள் தானே தலை பின்னிக்கொள்ளும் வயது வந்ததும் மறுபடி படித்து, பயிற்சி எடுத்து, வேலைக்கு வந்தாள். "நான்தான் சொல்லி வாங்கிக் குடுத்தேன்" என்று லிப்டில் ஏறுகிறவர்களிடம்கூட அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா லூப்பைத் தூக்கிக் கடாசிவிட்டாள். எல்லா நோயாளிகளையும் எல்லா வேன்களையும் ஒரே அடியாகப் பொருத்தி, மொத்த வரிகளையும் ஒரே இன்சர்ட் கட்டளையில் டேபிளுக்குள் தள்ளினாள். சோதனை மெஷினில் ஓட்டிக் காட்டியபோது மேலாளர் டீ கிளாஸைக் கையில் எடுத்திருந்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

"என்னம்மா, ஏதாவது எரரா?" என்றார்.

"இல்ல சார், முடிஞ்சிடுச்சு."

அவர் நம்பாமல் வரிகளை எண்ணச் சொன்னார். சரியாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தானும் தட்டினார், ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து மனுஷன் ஒரு வழியாகிவிட்டார். மேலாளர் அக்காவின் மேஜைப் பக்கம் போனால் இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து அந்தப் பக்கமாக நடப்பார். கேன்டீன்காரர், "உங்க வீட்டம்மா பெரிய ஆளா இருக்காங்களே!" என்று பாராட்டாகச் சொன்னதற்கு டீயில் சர்க்கரை இல்லை என்று சண்டை போட்டார். வீட்டில் தொட்டதற்கெல்லாம் குற்றம். மின்விசிறி சத்தம் போடுகிறது, பெண்கள் கதவைச் சாத்துவதில்லை, சோறு குழைந்துவிட்டது. சோறு அன்றைக்கு அவர் வைத்தது.

"அது பெரிய வித்தையெல்லாம் இல்ல மாப்ள" என்றார் ஒருநாள் என்னிடம், நான் கேட்காமலே. "நேரம் இருந்தா நானும் எழுதியிருப்பேன்."

"நேரம் இல்லாமலா அத்தான் அந்த நம்பரையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

அக்காவின் புரோகிராமைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் பொறுப்பை மேலாளர் அத்தானிடமே விட்டிருந்தார். பழைய ஆள், எல்லாம் தெரியும் என்று. அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டை தேடினார். அவர் சாப்பாட்டை மறந்து வேலை பார்த்ததை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். பிறகு ஒரு மத்தியானம், லாட்டரி விழுந்தவர் மாதிரி என் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டிரிகரை மறந்துட்டா மாப்ள" என்றார், குரலைத் தாழ்த்தி.

டிரிகர் என்பது டேபிளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி புரோகிராம். யாரும் கூப்பிட வேண்டாம். டேபிளில் வரி சேர்ந்ததும் அதுவே விழித்துக்கொண்டு, அந்த வரியில் இருக்கும் டிரைவரின் போனுக்குச் செய்தி அனுப்பும். அதை எழுதியதும் அத்தான்தான். வருவது எப்போதும் ஒரே வரி என்று நம்பி எழுதியது. லூப் ஒவ்வொன்றாகச் சேர்த்ததால் ஒவ்வொன்றுக்கும் விழித்தது. மொத்தமாக இன்சர்ட் செய்தால் மொத்தத்துக்கும் ஒரே ஒரு முறைதான் விழிக்கும். கையில் அகப்பட்ட ஒரு டிரைவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளும். மற்ற டிரைவர்களுக்கு எதுவும் போகாது. காலையில் நோயாளிகள் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் சோதனை மெஷினில் செய்திகளை நிறுத்தி வைத்திருந்ததால் கைதட்டல் வாங்கிய அன்று இது தெரியவில்லை.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்றேன், சொல்றேன். எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

என் நிலைமைதான் பரிதாபம். அவர் வருவதற்கு முன்பே அக்கா இன்னொரு பைலை என்னிடம் கொடுத்திருந்தாள். அதில் இருந்தது திருத்திய டிரிகர். எத்தனை வரி வந்தாலும் அத்தனை டிரைவர்களுக்கும் செய்தி தயார் செய்வது போல மாற்றி எழுதியிருந்தாள். நான் சோதித்து, சரி என்று குறித்து, நிஜ மெஷினுக்குப் போக வேண்டிய போல்டரில் வைத்தும் ஆகிவிட்டது. "உங்க அத்தான்கிட்ட இதப் பத்தி மூச்சு விடாதே" என்று சொல்லியிருந்தாள். "டிரிகர் அவர் எழுதினது. அவருக்குத் தெரியாம இருக்காது. சொல்றாரா பாக்கலாம்."

ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். அத்தானே வாயைத் திறந்து சொல்ல அக்கா தினமும் வழி விட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, என் புரோகிராமைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஏதாவது விட்டிருக்கேனா?"

"நல்லாத்தான் இருக்கு" என்று அத்தான் தண்ணீரைக் குடிப்பார். அக்கா அவர் கிளாஸைத் திரும்ப நிரப்பிவிட்டு, "அந்த டேபிள்ல வேற ஏதாவது ஒட்டிட்டிருக்கா? உங்களுக்குத்தான் தெரியும்" என்பாள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "பாக்கணும்" என்பார். எனக்குத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருக்கும். பொறாமை பிடித்தவரைக்கூட மன்னிக்கலாம், விஷயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு சாவகாசமாக மோர் கேட்கிறவரை என்ன செய்வது?

புது புரோகிராம் ஓட வேண்டிய நாள் வந்தது. காலைக் கூட்டத்தில் மேலாளர் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அத்தான் எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஒரு சின்ன விஷயம் சார்" என்று ஆரம்பித்து டிரிகரைப் பற்றி விளக்கினார். நன்றாகவே விளக்கினார். பலகையில் படம்கூடப் போட்டார். "இதை இப்படியே ஓட்டினா நாளைக்குக் காலைல ஒரே ஒரு வேன்தான் சார் கிளம்பும்."

மேலாளர் அக்காவைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள்.

"அவர் சொல்றது சரிதான் சார்" என்றாள். "அதைச் சரி பண்ணாம ஓட்டக் கூடாது."

"அனுபவம்னா இதுதான்!" என்று மேலாளர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்களே சரி பண்ணிடுங்க."

அத்தான் மிதந்துகொண்டு தன் மேஜைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்தபோது பழைய நடை இல்லை.

"போல்டர்ல புது டிரிகர் ஏற்கெனவே இருக்கு. எப்ப வந்துச்சு?"

"நீங்க இங்க உக்காந்து என் தோளைத் தட்டிட்டுப் போனீங்களே, அதுக்கு முன்னாடியே" என்றேன். சொல்லும்போது எனக்கு இனித்தது.

அவர் அங்கேயே நின்றார். "அதுலயும் லூப் இல்ல" என்றார் மெதுவாக. அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் உறுத்தியது.

சாயங்காலம் இன்சர்ட் ஓடியது. எல்லா டிரைவர்களுக்கும் செய்தி போனது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம், பெண்கள் எழுந்து போனார்கள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றார் அத்தான்.

"நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லாம விட்டிருப்பேனா? ஜனங்க உயிர் விஷயம். அது ஓடறதுக்குள்ள எப்படியும் சொல்லியிருப்பேன். சொன்னேனே!"

"சொன்னீங்க" என்றாள் அக்கா. "கூட்டத்துல."

அத்தான் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, நான் இருப்பதையும் பாராமல், "பொறாமையா இருந்துச்சு" என்றார். "மேலாளர் உன் மேஜைகிட்ட நின்னாலே எனக்கு வயிறு எரியுது. இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்ததை நீ அவர் ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள முடிச்சிட்டே. தூக்கம் வரல."

அக்கா கோபப்படுவாள், இல்லையென்றால் சமாதானம் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பாத்திரங்களை அடுக்கியபடி, "எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"நீ ஓட்டிக் காட்டினதிலேருந்து."

"எனக்குப் பெரியவ பொறந்ததிலேருந்து" என்றாள். "காலைல நீங்க பையை மாட்டிட்டுக் கிளம்புவீங்களே, அப்ப எரியும். சாயங்காலம் வந்து லூப் ஓடிச்சு, லூப் ஓடிச்சுன்னு சொல்வீங்களே, அப்ப இன்னும் எரியும். அதை ஒரே இன்சர்ட்டா எழுதலாம்னு எனக்கு அப்பவே தெரியும்."

அத்தான் நிமிர்ந்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. குழந்தையை மடியில போட்டுட்டு, பேப்பர்ல எழுதியே காட்டினேன். வீட்டுல இருக்கறவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்டீங்க."

"நானா? நான் அப்படியா சொன்னேன்?"

"கோபமாக்கூடச் சொல்லல" என்றாள் அக்கா. "டிவியைப் பாத்துட்டே சொன்னீங்க."