சித்தப்பாவா, மாமாவா?

கண்டி பஸ் நிறுத்தத்தில் நின்று எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் கிளாக்கராக இருப்பார், ஒருவர் பாண் ரொட்டி விற்பவராக இருப்பார், ஒருவர் அப்போதுதான் கள்ளுத் தவறணையிலிருந்து தள்ளாடி வந்திருப்பார். நானும் திரும்புவேன். அந்தப் பெயரை எழுதச் சொன்னால்தான் முழிப்பேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. இரண்டாம் வகுப்பிலேயே இரண்டு தரப்பும் சந்தோஷமாகப் பிரிந்துவிட்டோம்.

எனக்கு வாய் போதும். பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஆள் பிடித்த காலம் அது. கண்டிக்கும் கம்பளைக்கும் ஓடிய ஒரு பஸ்ஸில் நான் கண்டக்டர். வாசலில் தொங்கிக்கொண்டு ரோட்டில் போகிறவர்களையெல்லாம் சொந்தமாக்குவதுதான் என் வேலை. "வாங்க பெரியம்மா, எடமிருக்கு! அண்ணே, ஓடியாங்க!" இடம் இருக்காது. அது ஏறிய பிறகு அவர்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் பெயர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவோம். கல்லறைத் திருநாளில் பூசை பார்த்து, செத்துப்போனவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, யாராவது ஒருவர் வீட்டில் ஆட்டிறைச்சிச் சோறு. அங்கே ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தம். அப்பா வயது ஆள் பெரியப்பா அல்லது சித்தப்பா. அவர்கள் பிள்ளைகள் அண்ணன், தங்கச்சி. பந்தியில் பெயர்க்காரர்களுக்குப் பாய். எங்கள் குடும்பத்தில் பெண் எடுத்த மாப்பிள்ளைமாருக்கு மட்டும் உள் அறையில் கதிரை, மேசை, நல்ல இறைச்சி.

அந்த வருஷம் விருந்து கம்பளைக் கருவாட்டுக் கடைக்காரர் வீட்டில். அவருடைய மகள் தையல் படிக்க என் பஸ்ஸில்தான் கண்டிக்கு வருவாள். முதல் நாளே, "ஒங்க வாய மூடினா பஸ் நின்னுருமா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பேராதனைப் பாலம் வரை நான் வாயே திறக்கவில்லை. பஸ் ஓடத்தான் செய்தது. நான்தான் நின்றுபோனேன்.

அப்புறம் பேசிப் பழகி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. விருந்துக்கு முந்தின வாரம் இறங்கும்போது சொன்னாள்:

"எங்கப்பாவ நீங்க சித்தப்பான்னு கூப்பிட்டா நான் தங்கச்சி. அதோட முடிஞ்சிச்சு."

"கூப்பிடாட்டி?"

"அதுக்கு மேல நீங்கதான் பாத்துக்கணும். வாய்க்காரருதானே!"

ஊரையே முறை சொல்லிக் கூப்பிட்ட வாய்க்கு விருந்தன்று ஒரே ஒருவருக்கு மட்டும் முறை வரவில்லை. கடைக்காரர் எதிரே வந்தால் இருமினேன். அவரிடம் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தபோது செம்பைப் பார்த்துக் கேட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு கிளையும் தன் முன்னோர் பெருமையைச் சொல்ல வேண்டும். ஒருவருடைய பாட்டன் கடுகண்ணாவை மலையில் ரயில் பாதைக்காக ஒரு பாறையைத் தனியாகப் புரட்டியவர். அந்தப் பாறை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே வந்தது. எங்கள் கிளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "எங்க ஆளு கோப்பிக் காலத்துல ஹேவாஹெட்டையில இருந்தாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிர்ப் பாயிலிருந்த என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், வழக்கம்போல மூக்கால் சிரித்தாள்.

பந்தியில் கடைக்காரர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, காலையிலேர்ந்து பாக்குறேன். எல்லாரையும் மொறை சொல்லிக் கூப்பிடுற. நான் ஒனக்கு யாரு?"

வாயில் சோறு இருந்தது. மெல்ல முடிந்த மட்டும் மென்றேன். குழம்புச் சட்டியோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்லுடா, யாரு?"

"மாமா" என்றேன்.

பந்தியே மெல்லுவதை நிறுத்தியது. மாமா என்றால் பெண் கொடுக்கிற முறை. அவர் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"மொறை கெட்ட பயலே! ஒரே பேரு, ஒரே ரத்தம். மாமாவாம் மாமா!"

அத்தை எச்சில் கையோடு எழுந்தாள்.

"பய சரியாத்தான் கூப்பிட்டிருக்கான். இவன் அப்பன், எங்கண்ணன், உசுரோட இருந்த வரைக்கும் என்னச் சொல்ல விடல. எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்குறப்ப சாமியாரு குடும்பப் பேரு என்னன்னு கேட்டாராம். தாத்தாவுக்கு அப்புடி ஒன்னு இருக்கணும்னே தெரியாது. பக்கத்துல மெழுகுதிரி புடிச்சிக்கிட்டு நின்ன ஞானத்தகப்பனக் காட்டி, 'இவரு பேரையே போட்டுருங்க சாமி, கேக்க நல்லாயிருக்கு'ன்னுட்டாரு. அந்த ஞானத்தகப்பன் வேற யாருமில்ல, ஒங்க பாட்டன்தான். எங்களுக்கும் ஒங்களுக்கும் உள்ள ரத்தம் அவ்வளவுதான்!"

எனக்கே அது அன்றுதான் தெரியும். கடைக்காரர் இலையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் சட்டியைப் பார்த்தாள்.

"எங்க பாட்டன் பேரக் குடுத்தாரு. நான் பொண்ணையுங் குடுக்கணுமாக்கும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தையாகத்தான் இருக்கும்.

"ரத்தமில்லன்னா இந்தப் பாய்ல ஒனக்கு என்ன வேல? எந்திரி."

பாதிச் சோற்று இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். குழம்பு முழங்கை வரை ஓடியது.

"எங்கடா போற? மாப்பிள்ளைமாரு பந்தி உள்ளுக்கு."

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்தவள் சமையல்காரரிடம், "இவங்களுக்கு இன்னுங் கொஞ்சம் எறச்சி வைங்க" என்றாள்.

கோயிலில் எங்கள் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று கேட்டு ஓலை வாசித்த ஞாயிறன்று, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே குடும்பப் பெயர் வந்ததும், சாமியார் தடுமாறிவிட்டார் என்று பின் வரிசையில் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் விருந்துக்குப் போகிறோம். என் கூடப்பிறந்தவர்கள் பாயில், நான் கதிரையில்.

சண்டை வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பேச்சுத்தான். "ஒங்களக் கட்டி நான் என்னத்தக் கண்டேன்? பேரு கூட எங்க வீட்டுது!"

எனக்கும் பதில் வரும். ஆனால் வாயை மூடினாலும் பஸ் ஓடும் என்பதுதான் எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்றே.