கோட்டுச்சேரிமேட்டு மீன் வேனில் ஒரு காலை

காரைக்காலுக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பாட்டில்?” என்பதுதான். நான் போனது ஒரு வேனைப் பார்க்க. சவுதியில் பத்து வருடம் லாரி ஓட்டிய ரபீக் என்பவர், மீன் விற்கும் பெண்களுக்காக வேன் விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஊருக்கும் உதவ வேண்டும், தானும் பிழைக்க வேண்டும் என்றால் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்க ஆசை. மாசி மாதம், ஒரு புதன்கிழமை.

காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து கோட்டுச்சேரிமேட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய பள்ளி வேன். ஒரு பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கூடை வைக்கத் தகரம் அடித்திருந்தார்.

“மொதல்ல ஐஸ்பெட்டி வச்ச வண்டிதாங்க எடுத்தேன். மீனைக் குடுங்க, நானே வித்துத் தர்றேன்னேன். ஒருத்தரும் குடுக்கல. எங்க வாப்பாவே சிரிச்சாங்க,” என்றார் ரபீக்.

கூடையோடு ஏறிய செல்வி அக்கா விடவில்லை. “ஒங்கிட்ட குடுத்துட்டு நாங்க வீட்ல உக்காந்து என்ன தம்பி பண்றது? அந்தத் தெருவெல்லாம் நாங்க நடந்து புடிச்ச தெரு.”

பேருந்தில் கூடையை ஏற்ற மறுத்ததால், இரண்டு மாதமாக அவர் வழக்கமாக மீன் விற்கும் அம்பகரத்தூருக்குப் போகவில்லை. கரையிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதற்குள் பைக்கில் ஒருவர் அந்தத் தெருக்களில் மீன் விற்க ஆரம்பித்துவிட்டார். இன்றுதான் அக்கா திரும்பப் போகிறார். வேனில் அவரோடு இன்னும் இரண்டே பெண்கள்.

“அக்கா கூடை காலியானாத்தான் மத்தவங்க நம்பி ஏறுவாங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சவுதியில பழைய கம்பெனிக்கு ஃபோன் போட்டு வர்றேன்னு சொல்லிடணும்,” என்றார் ரபீக் என்னிடம் மெதுவாக.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஆளுக்கு முப்பது ரூபாய். கூடைக்குத் தனியாக இல்லை. வாசனையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். திருநள்ளாறு வரை மூக்கு முரண்டு பிடித்தது, அப்புறம் பசிக்க ஆரம்பித்துவிட்டது. சுரக்குடியில் மற்ற இருவரும் இறங்கினார்கள். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயலில் உளுந்து.

இருபது கிலோமீட்டர் கடந்து, ஒன்பது மணிக்கு அம்பகரத்தூர். அக்கா “மத்தி, கானாங்கெளுத்தி” என்று குரல் கொடுத்தபடி நடந்தார். மூன்று வீடு தாண்டியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ரபீக் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் வீட்டுக் கதவு திறந்தது. “ரெண்டு மாசமா எங்க போய்த் தொலைஞ்ச? ஒனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்!” என்று ஒரு பெண் சத்தம் போட்டார். “பைக்குல வர்றவன் நின்னு ஒரு வார்த்தை பேசுறானா?” அந்தச் சத்தத்துக்கு மற்ற கதவுகளும் திறந்தன. பத்தரைக்குக் கூடையில் ஐஸ் தண்ணீர் மட்டும்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நாம் தீர்த்துவைக்கப் போகும் கஷ்டம் என்ன என்பதை, கஷ்டப்படுகிறவரிடமே கேட்டுவிடுவது நல்லது. ரபீக் அந்த ஐஸ்பெட்டி வண்டியை விற்றுக் கற்றுக்கொண்டது இது.

போகிறவர்கள் புதன் அல்லது ஞாயிறு போங்கள். செவ்வாய், வெள்ளியில் மீன் வியாபாரம் மந்தம். சனிக்கிழமை திருநள்ளாற்றில் வண்டி நகராது. பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம் என்பார்கள், நம்பாதீர்கள். அன்று பதினொன்றுக்கு ரபீக் ஹாரன் அடித்தபோது, தெருக்கோடியிலிருந்து செல்வி அக்கா கத்தினார்: “இரு தம்பி, இந்த வீட்ல கொழந்தை பொறந்திருக்கு. பாக்காம எப்படி வர்றது?”

ரபீக் எஞ்சினை அணைத்தார். ஃபோனை எடுத்து, “நான் வரலைங்க, வேற ஆளப் பாத்துக்கங்க,” என்றார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.